பை நிறைந்திருக்க வேண்டும்

கறிக்கடைக்காரர் முப்பது வருஷமாக ஆடு வெட்டுகிறவர். வெட்டுவதைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதனால் புராஸ்டேட் சுரப்பியில் புற்று என்று சொல்லி டாக்டர்கள் அதை அறுத்து எடுத்தபோது அவர் அலட்டிக்கொள்ளவில்லை. தையலைப் பார்த்ததுமே, அறுத்தவர் கை பழகிய ஆள் என்று தெரிந்துகொண்டு மனசுக்குள் ஒரு சபாஷ் போட்டார். அறுத்ததோடு சங்கதி முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ரத்தப் பரிசோதனையில் பூஜ்யமாக இருக்க வேண்டிய ஒரு எண் மெல்லத் தலைதூக்கி, ஒவ்வொரு பரிசோதனையிலும் ஏறிக்கொண்டே வந்தது. சுரப்பி இருந்த இடத்தில் கொஞ்சம் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கதிர் வைத்துப் பொசுக்கிவிடலாம், ஆனால் தாமதிக்கக் கூடாது, தாமதித்தால் எங்கெங்கோ பரவிவிடும் என்று சொல்லி, அறுத்தவர் கதிரியக்கப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. அது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். அறுவைக்குப் பிறகு அவரால் சிறுநீரை அடக்க முடியவில்லை. தும்மினால் கசிந்தது. சிரித்தால் கசிந்தது. கத்தியை ஓங்கினால் கட்டாயம் கசிந்தது. ஒரே வெட்டில் தொடையெலும்பைத் துண்டாக்குகிற மனுஷன், கால்சட்டைக்குள் டயப்பர் கட்டிக்கொண்டு கறிக்கட்டைக்குப் பின்னால் நின்றார். வாடிக்கையாளர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்று சிரிப்பதையே நிறுத்திவிட்டார். அவர் முகம் உர்ரென்று ஆனதற்குக் காரணம் நோய் என்று ஊர் நினைத்தது. காரணம் இந்த எழவுதான்.

கதிரியக்கப் பிரிவு மருத்துவமனையின் தரைக்குக் கீழே இருந்தது. அதன் தலைவரை எல்லோரும் கமாண்டர் என்றுதான் அழைத்தார்கள். அவர் ராணுவத்தில் இருந்ததில்லை. ஒரு கொசுவையாவது அடித்திருப்பாரா என்பதே சந்தேகம். ஆனால் புற்றுநோயை எதிர்த்து நடப்பது போர் என்று எங்கேயோ கேட்டிருக்கிறார். அன்றைக்குப் பிடித்த வெறி இன்னும் இறங்கவில்லை. வெள்ளைக் கோட்டுக்குக் கஞ்சி போட்டு, தட்டினால் சத்தம் வருகிற அளவுக்கு விறைப்பாக உடுத்துவார். திங்கள்கிழமைதோறும் புதிய நோயாளிகளையும் அவர்கள் மனைவிமாரையும் உட்காரவைத்து ஆயத்தக் கூட்டம் நடத்துவார்.

"எதிரி உங்க படுக்கையிலயே ஒளிஞ்சிருக்கான்" என்று அன்றைய உரையைத் தொடங்கினார்.

மனைவிமார் எல்லோரும் திரும்பித் தத்தம் கணவரைப் பார்த்தார்கள். சுரப்பி இருந்த குழியைத்தான் மருத்துவத்தில் படுக்கை என்கிறோம் என்று கமாண்டர் விளக்கிய பிறகு ஒரு பெருமூச்சு எழுந்தது. குறி பார்த்துதான் அடிப்போம், இதுவரை குறி தவறியதே இல்லை என்று அவர் மேஜையைக் குத்தினார். ஆண்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்கள்.

"போன வருஷம் நானூறு பேரைச் சுட்டோம். அதுல எத்தனை பேர் இப்ப இருக்காங்கன்னு சில பேர் கேக்குறாங்க. அந்தக் கணக்கு எங்ககிட்ட இல்ல. எத்தனை பேர் ஒழுங்கா தண்ணி குடிச்சாங்கன்னு கேளுங்க, விரல் நுனியில சொல்றேன்."

தண்ணீரில்தான் அந்தப் பிரிவின் உயிரே இருந்தது. கதிர் வைப்பதற்கு முன்னால் குறி வைக்க உள்ளே ஒரு படம் எடுப்பார்கள். படத்தின்போதும் கதிரின்போதும் சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அது கதிரின் வழியிலிருந்து விலகி நிற்கும். குடல் காலியாக இருந்தால் அதுவும் தப்பிக்கும். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் 'சிறுநீர்' என்ற சொல் பிரிவின் கௌரவத்துக்கு ஒவ்வாது என்று கமாண்டர் கருதியதால், அச்சடித்த தாளில் அதை எடுத்துவிட்டார்கள். 'பை நிறைந்திருக்க வேண்டும். குடல் காலியாக இருக்க வேண்டும். மூன்று முறை தவறினால் வரிசையின் கடைசிக்கு அனுப்பப்படுவீர்கள்' என்று மட்டும் அதில் இருந்தது. வரிசையின் கடைசி என்பது ஐந்து மாதம் தள்ளி. ஐந்து மாதத்தில் அந்த எண் எங்கே போய் நிற்கும் என்று கறிக்கடைக்காரர் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார்.

குடல் விஷயம் அவருக்குப் புரிந்தது. ஆயிரக்கணக்கான குடலை அலசியவர். இரண்டு நாள் பட்டினி கிடந்தார். பைதான் குழப்பியது. புருஷனும் பெண்டாட்டியும் தாளை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, வீட்டிலிருந்த பெரிய பையை எடுத்தார்கள். துண்டு, போர்வை, மாற்றுத் துணி, ரிப்போர்ட்டுகள் எல்லாம் வைத்தும் பாதிதான் நிறைந்தது. பாதி நிறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று மனைவிக்குப் பயம். தலையணையைத் திணித்தாள், பழைய ரேடியோவை வைத்தாள், மேலே ஏறி உட்கார்ந்து அமுக்கினாள்.

பிரிவின் வாசலில் அளவம்மா உட்கார்ந்திருந்தாள். நோயாளிகளின் அடிவயிற்றில் கருவியை வைத்து, உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று அளந்து பதிவேட்டில் எழுதுவது அவள் வேலை. பை நிறைந்திருக்கிறதா என்று முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"நிறைஞ்சு பிதுங்குதும்மா. ஜிப்பே போட முடியல" என்றார் கறிக்கடைக்காரர்.

அளவம்மா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து, கருவியை அவர் அடிவயிற்றில் உரலில் உலக்கையை இறக்குவதுபோல இறக்கினாள். பை காலி என்றாள். அவர் நம்பமாட்டாமல் பையைத் தூக்கி மேஜைமேல் வைக்க, தலையணை வெளியே பிதுங்கி அவள் பதிவேட்டின் மேல் விழுந்தது. 'பை காலி. நோயாளி தலையணையால் தாக்கினார்' என்று எழுதி முதல் வாய்ப்பை அடித்துவிட்டாள். எந்தப் பை என்பது வீட்டுக்குக் கிளம்பும்போது, பிரிவைக் கூட்டிப் பெருக்குகிற பெண் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. பேருந்தில் அத்தனை பேர் நடுவிலும் மனைவி சிரித்துத் தொலைத்தாள். அவரும் சிரித்துவிட்டார். உடனே கசிந்தது.

இரண்டாம் முறை விவரம் தெரிந்தே போனார். அதனால் இன்னும் அதிகமாக அடிபட்டார். முதலில் எனிமா. குழாயோடு வந்தவரைப் பீரங்கி என்று அழைத்தார்கள். ஏன் என்று அரை நிமிஷத்தில் புரிந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னார், முழங்காலை மடக்கச் சொன்னார், வலிக்காது என்று சொல்லிக்கொண்டே சுட்டார். கறிக்கடைக்காரர் கட்டில் கம்பியைப் பிடித்த பிடியில் கம்பி வளைந்தது. குடல் காலியானது. ஆனால் குடல் காலியாகும்போது முன்பக்கமும் சேர்ந்து காலியாகாமல் இருக்குமா? மறுபடி ஆறு டம்ளர் தண்ணீர். அளவம்மா கருவியை வைத்தாள். தொண்ணூறு மில்லி. நானூறு வேண்டும். மறுபடி ஆறு டம்ளர். எழுபது. குடித்தது எங்கே போகிறது என்று அவள் அதட்டினாள். அது டயப்பருக்குப் போகிறது என்பதை அத்தனை பேர் முன்னால் அவர் எப்படிச் சொல்வார்? பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு கமாண்டரின் அறைக்குப் போய் முறையிட்டார். அடக்குகிற இடத்தையே அறுத்துவிட்டார்கள், எப்படி அடக்குவேன் என்றார்.

கமாண்டர் பரிவோடுதான் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அறுத்தது அவங்க டிபார்ட்மென்ட். சுடுறது எங்க டிபார்ட்மென்ட். ஒழுகுறது யாரோட டிபார்ட்மென்ட்னு ஒரு கமிட்டி போட்டிருக்கோம். ரெண்டு வருஷத்துல சொல்லிடுவாங்க. அதுவரைக்கும் நீங்க அடக்கித்தான் ஆகணும்."

இரண்டாம் வாய்ப்பும் போனது. 'நோயாளி வேண்டுமென்றே ஒழுகுகிறார்' என்று பதிவேட்டில் ஏறியது.

மூன்றாம் வாய்ப்புக்கு முந்தின வாரம் கறிக்கடைக்காரர் சரியாகச் சாப்பிடவில்லை. கடையில் வெட்டு தவறி விரலைக் கிழித்துக்கொண்டார். முப்பது வருஷத்தில் அது முதல் தடவை. மனைவி காயத்துக்குக் கட்டுப்போட்டுவிட்டு, கொடியிலிருந்த துணி காயப்போடும் கிளிப் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். முதலில் கட்டைவிரலில் மாட்டிச் சோதித்துப் பார்த்தார். அதற்கே கண்ணில் நீர் வந்தது. அப்புறம் எங்கே மாட்டினார் என்று விளக்க வேண்டியதில்லை.

அன்று பிரிவில் பதினொரு ஆண்கள் காத்திருந்தார்கள். உறவினர்களைக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். மனைவி கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கறிக்கடைக்காரர் எட்டு டம்ளர் குடித்தார். முகம் நீலம் பாரித்தது. அளவம்மா கருவியை இறக்கினாள். நானூற்றிப் பத்து. அவளுக்கே ஆச்சரியம். நானூற்றிப் பத்து என்று பதிவேட்டில் எழுதி, நிறைவு என்று முத்திரை குத்தினாள். அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அப்போதுதான் ஒலிபெருக்கி பேசியது. கமாண்டர் இயந்திரத்தை விருந்தினர் சிலருக்குச் சுற்றிக் காட்டுகிறார், ஒன்றரை மணி நேரம் தாமதமாகும், பைகளைக் காலி செய்யக் கூடாது என்றது. நோயாளிகள் திருட்டுத்தனமாக ஒதுங்கிவிடுகிறார்கள் என்று கழிவறை ஏற்கனவே பூட்டப்பட்டிருந்தது. சாவி கமாண்டரின் சட்டைப்பையில். மேலே போகும் லிஃப்டுக்கு முன்னால் ஒரு காவலர்.

முதல் பத்து நிமிஷம் எல்லோரும் கடிகாரத்தையே பார்த்தார்கள். இருபதாவது நிமிஷம் ஒருவர் அழ ஆரம்பித்தார். முப்பதாவது நிமிஷம் இரண்டு பேர் நாற்காலிக்காக அடித்துக்கொண்டார்கள். நாற்காலி பத்து காலியாகக் கிடந்தது. நாற்பதாவது நிமிஷம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், வாழ்நாளில் குரலை உயர்த்தாதவர், சுவரில் தலையை மோதிக்கொண்டே வாய்ப்பாடு சொல்லத் தொடங்கினார். பதினேழாம் வாய்ப்பாட்டில் விருந்தினரோடு கமாண்டர் உள்ளே வந்தார். தலைமையாசிரியர் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டு சாவியைக் கேட்டுக் கெஞ்சினார்.

கமாண்டர் விருந்தினர் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார். "போர்க்களத்துல எவனாவது ஒன்னுக்குப் போகணும்னு லீவு கேப்பானா? இவங்க சாதாரண ஆளுங்க இல்ல, வீரர்கள். பாருங்க, எவ்வளவு கட்டுப்பாடா நிக்கிறாங்க."

வீரர்கள் என்ற சொல் காதில் விழுந்ததும் தலைமையாசிரியர் இருபது லிட்டர் தண்ணீர்க் கேனைத் தூக்கினார். எங்கிருந்து அந்தத் தெம்பு வந்ததோ, கேன் பறந்துபோய் அளவம்மாவின் மேஜையை இரண்டாகப் பிளந்தது. அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. பதினொரு பேரும் ஒரே மூச்சில் பாய்ந்தார்கள். பீரங்கியின் குழாயைப் பிடுங்கி அவரையே அதால் விளாசினார்கள். காவலரின் தடி மூன்றாக ஒடிந்தது, அதில் ஒரு துண்டு காவலரின் முதுகிலேயே ஒடிந்தது. 'அமைதி காக்கவும்' என்ற பலகையைக் கழற்றி ஒருவர் இன்னொருவர் மண்டையில் போட்டார். இருவரும் நோயாளிகள்தான், முன்பின் பகை கிடையாது. விருந்தினர் ஒருவர் மேஜைக்கு அடியில் போய் அம்மா என்று அலறினார். தரையில் ரத்தமும் தண்ணீரும் இன்ன பிறவும் ஓடின.

கறிக்கடைக்காரர் மட்டும் சண்டைக்குப் போகவில்லை. வெட்டுகிறவர்தான், ஆனால் பிறந்ததிலிருந்து ஒரு மனுஷன்மேல் கை வைத்ததில்லை. காலைப் பின்னிக்கொண்டு சுவரோடு சுவராக நின்று, மூன்றாம் வாய்ப்பு, மூன்றாம் வாய்ப்பு என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். காவலர் ஓடிவந்து, கையில் மிச்சமிருந்த தடியால் அவர் அடிவயிற்றில் ஒரு குத்து விட்டார்.

கிளிப் தெறித்தது. அதுவரை அடக்கிவைத்திருந்த அத்தனையும் போனது. எதிரே கமாண்டர், ஒழுங்கு ஒழுங்கு என்று கத்திக்கொண்டு நின்றார். கறிக்கடைக்காரரின் வலது கை, முப்பது வருஷம் கத்தி பிடித்த கை, அவரைக் கேட்காமலே உயர்ந்து கமாண்டரின் இடது கன்னத்தில் இறங்கியது. கஞ்சிபோட்ட கோட்டு சடசடக்க, கமாண்டர் பறந்துபோய்க் கழிவறைக் கதவில் மோதினார். கதவு பெயர்ந்தது. அவர் வாசலுக்குக் குறுக்கே விழுந்தார். மற்ற பத்துப் பேரும் அவர்மேல் ஏறி மிதித்துக்கொண்டு உள்ளே போனார்கள். போகும்போது மட்டுமல்ல, சாவகாசமாகத் திரும்பி வரும்போதும்.

அந்த நேரம் பார்த்து இயந்திர அறையின் கதவைத் திறந்துகொண்டு, படமெடுக்கும் பெண் ஏழாம் எண்ணைக் கூப்பிட்டாள். அது கறிக்கடைக்காரரின் எண். சொட்டச் சொட்ட நனைந்து, கை வீங்கி, மூச்சிரைக்க அவர் நின்றார். மூன்றாம் வாய்ப்பும் போய்விட்டதா என்று கேட்டார்.

"வாங்க பெரியப்பா, சீக்கிரம் படுங்க. பதிவேட்டுல நானூற்றிப் பத்துன்னு இருக்கு. அதை அடிக்க கமாண்டர் கையெழுத்து வேணும். அவர் பல்லைத் தேடிட்டு இருக்கார்" என்றாள் அந்தப் பெண்.

படுத்தார். கால்களைக் கட்டினார்கள், அசையாதீர்கள் என்றார்கள். படம் எடுத்தார்கள். கதிருக்கு அடையாளமாக இடுப்பின் இரண்டு பக்கமும் அடிவயிற்றிலுமாக ஊசியால் மூன்று புள்ளி பச்சை குத்தினார்கள். ஊசி இறங்கும்போது அவர் அழுதார். வலியால் அழுகிறார் என்று அந்தப் பெண் நினைத்தாள். அவர் பிழைத்துவிடுவோம் என்ற சந்தோஷத்தில் அழுதார். அவருக்குப் பின்னால் மற்ற பத்துப் பேரையும் அதே சூட்டில் படமெடுத்து முடித்தார்கள்.

இரண்டு வாரம் கழித்துக் கதிர் தொடங்கும் நாள். மனைவியோடு போனவரை வாசலிலேயே நிறுத்திவைத்தார்கள். கதிரின் கோணத்தைக் கணக்குப் போடுகிற கணக்கர் ஒரு கோப்போடு வந்தார். ஒல்லியான மனுஷன், கண்ணில் தூக்கமில்லை. பிரிவின் முதல் விதியை அவர் மனப்பாடமாகச் சொன்னார்: படம் எடுத்த அன்று நோயாளியின் உடல் எப்படி இருந்ததோ, கதிர் வைக்கும் முப்பத்திமூன்று நாளில் ஒவ்வொரு நாளும் அப்படியே இருக்க வேண்டும், இம்மி பிசகினாலும் இயந்திரத்தைத் தொடங்கக் கூடாது. கமாண்டரே எழுதிச் சட்டம் போட்டு மாட்டிய விதி அது. படமெடுத்த அன்று ஏழாம் எண்ணின் பையில் அறுபத்திரண்டு, அதைக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் நாடி நூற்றி நாற்பது, வலது தோள் இறங்கி, இடுப்பு இரண்டு மில்லிமீட்டர் இடப்பக்கம் திரும்பியிருந்தது. அந்த இரண்டு மில்லிமீட்டர் எப்படி வந்தது என்று கண்டுபிடிக்க, கணக்கர் கண்காணிப்புக் கேமராவின் காட்சியை நாற்பது முறை போட்டுப் பார்த்திருக்கிறார். ஓங்கி அறைந்த அந்த அறையில்தான் வந்திருக்கிறது, ஆகவே தினமும் அறைந்தாக வேண்டும். தலையணையைக் குத்தினால் தோள் போதுமான அளவு இறங்காது. காவலரை அறையலாம் என்றால் காவலர் குட்டை. அந்தக் கோணத்துக்குப் பொருந்துகிற உயரம் பிரிவில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது.

அந்த ஒருவர், பெயர்ந்த கழிவறைக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். இடது கன்னம் இன்னும் மஞ்சள் பூத்திருந்தது. முன்பற்கள் இரண்டு இல்லை. கோட்டுக்கு மட்டும் புதிதாகக் கஞ்சி போட்டிருந்தார்.

விதியை மாற்றலாமா என்று மூன்று நாள் கூட்டம் போட்டுப் பேசினார்களாம். மாற்றினால் இத்தனை வருஷம் இருந்த விதி தப்பு என்று ஆகிவிடும். தவிர, மறுபடி படமெடுக்க வேண்டும் என்றால் வரிசையின் கடைசி, ஐந்து மாதம். அதுவும் விதிதான்.

"என் கன்னம் பெருசில்ல. விதிதான் பெருசு" என்றார் கமாண்டர். பல் போன இடத்தில் காற்று விசிலடித்தது. பிறகு கணக்கர் பக்கம் குனிந்து, கொஞ்சம் மெதுவாக அடித்தால் போதுமா என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார். போதாது என்று கணக்கர் தலையாட்டினார்.

கறிக்கடைக்காரர் கையைப் பிசைந்தார். அன்றைக்கு நடந்தது தானாக நடந்தது. இன்றைக்கு ஒரு மனுஷன் கண்ணை இறுக மூடிக்கொண்டு எதிரே நிற்கிறான்.

"ஐயா, என் கடையில ஒரு ஆட்டை ஒரு தடவைதான் வெட்டுவோம். அதுவும் அதுக்குத் தெரியாம. நீங்க இப்படி நின்னுக்கிட்டு முப்பத்திமூணு நாள் கேக்குறீங்க. என்னால ஆகாது" என்றார்.

கணக்கர் கோப்பை மூடப்போனார். அப்போது மனைவி அவர் முழங்கையைத் தொட்டாள். கடையில் ஆட்டை வெட்டும்போதுகூட அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் அவள்.

"அடிங்க" என்றாள். "எனக்கு நீங்க வேணும். அடிங்க."

அவர் அவளைப் பார்த்தார். இந்த முறை அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. வாழ வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, தோளை இறக்கி, பலம்கொண்ட மட்டும் ஓங்கி அறைந்தார். கமாண்டர் கோப்பில் எழுதியிருந்தபடியே பறந்து, கோப்பில் எழுதியிருந்த இடத்திலேயே வாசலுக்குக் குறுக்கே விழுந்தார். கணக்கர் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, ஏழாம் எண்ணை இயந்திரத்துக்கு விரட்டினார்.

கறிக்கடைக்காரர் மேஜைமேல் அசையாமல் படுத்திருந்தார். இயந்திரம் அவரைச் சுற்றத் தொடங்கியது. கதவு மூடுவதற்குள், வெளியே கமாண்டர் முனகிக்கொண்டு எழ முயல்வதும், கணக்கர் ஓடிவந்து தடுப்பதும் கேட்டது.

"எந்திரிக்காதீங்க சார். அடுத்து வர்ற பத்துப் பேருக்கும் நீங்க படுத்துதான் இருக்கணும்."